‘ஊசிக்கு வந்துட்டா’

முனைவர் பட்ட ஆய்வுக்கு கிரவுண்டட் தியரியை (கோட்பாட்டை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாமல், பேட்டிகளில் கிடைப்பதிலிருந்தே உருவாக்கும் ஆய்வு முறை) தேர்ந்தெடுத்த காரணத்தை இப்போது சொன்னால் சிரிப்பு வரும். சர்வே செய்து அலுத்துப்போயிருந்தது. அதுபோக, 1960களில் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இந்த முறையை உருவாக்கியதே மருத்துவமனைகளில் சாகக் கிடப்பவர்களைப் பற்றிய ஆய்வில்தான் என்று படித்ததும், நர்ஸான எனக்கு இது சொந்த வீட்டுச் சமாச்சாரம் மாதிரி பட்டது. பின்னால் அந்த இருவருமே கருத்து வேறுபட்டு, 1990இல் ஸ்ட்ராஸ், கார்பின் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இந்த முறையைப் பற்றி எழுதியதை கிளேசர் 1992இல் தனிப் புத்தகம் போட்டே மறுத்தார் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

கேள்வி இதுதான்: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் என்றதும் ஏன் நழுவுகிறார்கள்? 11 பேரிடம் பேசி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி முடித்து, அப்புறம்தான் கோடிங் செய்ய, அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அது சொல்லும் விஷயத்தைக் குறிக்கும் ஒரு பெயர் வைக்க, உட்கார்ந்தேன். கைடு பார்த்துவிட்டு, “முதல் பேட்டி முடிஞ்சதுமே கோடிங் ஆரம்பிக்கலைன்னா இதுக்கு வேற பேர் வச்சுக்கோம்மா” என்றார். நியாயம்தான். ஒரு பேட்டியில் கிடைப்பதை வைத்துத்தான் அடுத்து யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று முடிவாக வேண்டும். நானோ ஒரே கேள்வித்தாளை 11 முறை வாசித்திருந்தேன்.

ஒலிப்பதிவை மறுபடி தமிழிலேயே கேட்டேன். ‘ஊசி பயம்’ என்று நான் ஆங்கிலத்தில் குறித்திருந்த இடத்தில் ஒரு அம்மா சொல்லியிருந்தது, “ஊசிக்கு வந்துட்டான்னு பேசுவாங்க சிஸ்டர்.” வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னும் நாலு பேர் அதையே சொல்லியிருந்தார்கள்: நோய் முற்றிவிட்டது, இனி திரும்ப வழியில்லை என்ற அர்த்தத்தில். அந்தப் பேச்சையே குறியீடாக வைத்தேன்.

சரி, திரும்ப வழி இருக்கிறவர்கள்? கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடும். அந்தப் பெண்களைத் தேடிப் போனேன். (எத்தனை பேர், யார் யார் என்று முதலிலேயே எழுதித் தரச் சொல்லும் எத்திக்ஸ் கமிட்டிக்கு இதைப் புரியவைக்க ஆறு வாரம் ஆனது.) ஒருத்தி மாமியார் முன்னாலேயே ஊசி போட்டுக்கொள்கிறாள், “குழந்தைக்குத்தானே” என்கிறாள். பிரசவமாகியும் ஊசி நிற்காத இன்னொருத்தி, அத்தனை மாதம் எல்லோர் எதிரிலும் போட்டுக்கொண்ட அதே மருந்தை, இப்போது ஃப்ரிட்ஜில் டிபன் பாக்ஸுக்குள் ஒளித்து வைக்கிறாள். அன்று ராத்திரி எழுதிய மெமோ (ஆய்வின் நடுவே தோன்றுவதை எழுதி வைக்கும் குறிப்பு) நாலு பக்கம் போனது.