பொறாமை என்று எழுதி அழித்தது

மொழிபெயர்ப்பு வேலையில் ஒரே ஒரு சொல் என்னை மூன்று நாள் நிறுத்தி வைத்தது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம். நடுவயதில் நீச்சல் பழகத் தொடங்கிய தோழிக்கு வயதான பெண்மணி ஒருவர் எழுதுகிறார். அதில் ‘என்வி’ என்ற சொல் வந்தது. யோசிக்காமல் ‘உன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டேன்.

பிரதியைச் சரிபார்த்த அக்கா அதைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘தோழி நீந்துவது இந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா?’

நியாயமான கேள்வி. பொறாமை என்றாலே பொறுக்காமைதான். அடுத்தவரிடம் ஒன்று இருப்பதைத் தாங்க முடியவில்லை என்று அந்தச் சொல் சொல்கிறது. அது நமக்கு வேண்டுமா என்பதுகூட அதில் இல்லை. குறளைப் புரட்டினேன். 17-ஆம் அதிகாரம் அழுக்காறாமை, அடுத்தது வெஃகாமை. பிறர் நன்றாக இருப்பதைப் பொறுக்காதது அழுக்காறு, பிறர் பொருளைக் கவர நினைப்பது வெஃகல். அந்தப் பெண்மணியிடம் இரண்டும் இல்லை. தோழி நீந்தட்டும், நானும் நீந்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் அவர் மனசு.

அரபியில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. ஹசத் என்றால் அவரிடம் இருப்பது போய்விட வேண்டும் என்ற நினைப்பு. கிப்தா என்றால் அவரிடமும் இருக்கட்டும், எனக்கும் கிடைக்கட்டும். டச்சு மொழியிலும் கெட்டதற்கும் கெடுதல் இல்லாததற்கும் வேறு வேறு சொற்கள் உண்டு.

தமிழில் ‘ஏக்கம்’ போட்டுப் பார்த்தேன். கிடைக்காது என்ற சோர்வு அதில் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘ஆதங்கம்’ குறைப்பட்டுக்கொள்வது போல ஒலித்தது. ‘கொடுத்து வைத்தவள் நீ’ என்பது மனசாரச் சொல்கிற பேச்சு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அது அவரவர் பேறு என்று கதவைச் சாத்திவிடுகிறது. எனக்கும் வேண்டும் என்று சொல்ல வழியில்லை.

விடை பக்கத்து மேசையில் இருந்தது. அங்கே உட்காரும் தோழி எழுதி முடித்த வாக்கியத்தை உதடு மட்டும் அசையப் படித்துப் பார்ப்பாள். ‘என்று கூறினார்’ என்பதில் ஒரு நொடி நிற்பாள். ‘என்றார்’ என்று மாற்றுவாள். மறுபடி படிப்பாள். வாக்கியம் லேசாகிவிடும். அந்தக் காது எனக்கும் வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அவளைவிட நான் மூத்தவள் என்பதால் சொல்லக் கூச்சம், அதற்குப் பெயர் பொறாமையோ என்ற பயம் வேறு. ஆனால் ஒரு நாளும் அவள் எழுத்து கெட வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. நன்றாக வரும்போதெல்லாம் சந்தோஷம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லியே விட்டேன்: “நீ இப்படிப் படித்துத் திருத்துவதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பார்க்கிற கண்ணும் விரும்புகிற மனசும் சேர்ந்தே இருக்கின்றன. ஒற்றைச் சொல் இல்லைதான், அப்புறம் என்ன? கடிதத்தில் ‘நீ நீந்துவதை நினைத்தால் எனக்கும் ஆசையாக இருக்கிறது’ என்று திருத்தினேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “அந்தக் கடிதத்தை எடுங்கக்கா, வாய்விட்டுப் படிங்க” என்றாள். முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னாள்.