பாட்டி விட்டுட்டுப் போன தோட்டம்

பாட்டி போன பிறகு தோட்டம் எங்கிட்ட வந்துச்சு. எனக்கு செடி பத்தி ஒண்ணுமே தெரியாது, எது களை எது அவங்க ஆசையா வச்சதுன்னு கூட புரியல, ஆனா அப்படியே விட்டுடவும் மனசு வரல.

எல்லாத்தையும் பிடுங்கி சுத்தம் பண்ணிடலாம்னுதான் முதல்ல தோணுச்சு. நல்லவேளை பண்ணல. வெறும் மண்ணா கிடந்த ஒரு மூலைல ரெண்டு மாசம் கழிச்சு முளை வந்துச்சு, கீழ கிழங்கு உயிரோட தூங்கிட்டு இருந்திருக்கு!! அன்னைக்கு அழுதுட்டேன். அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க முடிஞ்சா ஒரு வருஷம் சும்மா கவனிங்க, மாசா மாசம் போட்டோ எடுங்க, வெயில் எங்க எத்தனை மணி நேரம் விழுதுன்னு எழுதி வைங்க, ஏன்னா காய்கறி போடணும்னா பெரும்பாலும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேணும். செடி செத்துடுச்சோன்னு சந்தேகம் வந்தா குச்சியை நகத்தால லேசா சுரண்டுங்க, உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு.

தினமும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிச்சதுதான் நான் பண்ண பெரிய தப்பு, வேர் ஆழமா போகாம மேலயே நின்னுடும். விரலை 5 செ.மீ. உள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் ஆழமா ஊத்துங்க. காஞ்ச இலையை மூடாக்கா, அதாவது மண்ணை மூடுற மாதிரி பரப்பினா ஈரம் நிக்கும், களையும் கம்மியாகும், தண்டை ஒட்டி மட்டும் போடாதீங்க அழுகிடும்.

கவாத்து, அதாவது கிளையை வெட்டி விடறது, இன்னும் பண்ணல, காஞ்ச கிளையை மட்டும் எடுத்தேன். சில செடி போன வருஷ கிளைலதான் மொட்டு வைக்கும், அதனால எது எப்ப பூக்குதுன்னு பாத்துட்டு இருக்கேன்.

பாட்டியோட பழைய மண்வெட்டிதான் யூஸ் பண்றேன், அவங்க பிடிச்ச இடத்துல கைப்பிடி வழவழன்னு இருக்கு.