ஆயாவின் பல்பக்குச்சி ரிமோட்டு

சத்துவாச்சாரி வெயிலுக்கு டிவி ரிமோட்டு செத்துப்போச்சு. கடைக்குப் போகச் சோம்பல். பீரோவுல கிடந்த பாம் 3 (Palm III) ஞாபகம் வந்துச்சு. 1998ல வந்த கைக்கணினி, 2 எம்பி நினைவகம், சின்ன பேட்டரி ரெண்டு. ஆம்னிரிமோட்னு ஒரு மென்பொருள் ஏத்தி, பக்கத்து வீட்டு ரிமோட்டை எதுக்க வச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கினா கத்துக்கும்.

கத்துக்கிச்சு! ஆனா நாலடி தள்ளி நின்னா டிவி கண்டுக்கவே இல்ல. பாமோட அகச்சிவப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, ரெண்டு கருவி முகத்துக்கு முகம் ஒரு மீட்டருக்குள்ள பேசிக்கிறதுக்கு வச்சது. ரிமோட்டு ஒளியோ நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிச்சு, ரூமோட அந்தக் கடைசி வரைக்கும் போகணும்.

ஆயா கிட்டப்போய் நின்னு குச்சியால திரையைக் குத்தி, "இன்னாடா இது, பல்பம் புடிச்சு எழுதற மாதிரி கீது"ன்னாங்க. நைனா, "எழுந்து போய் டிவி பட்டனையே அமுக்கலாமே"ன்னார். நியாயந்தான், ஒத்துக்கல.

நேத்து பேட்டரி தீர்ந்து, கத்துக்கிட்டது மொத்தமும் அழிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு ரிமோட்டை மறுபடி கேட்கணும். அவங்க சீரியல் முடியட்டும்னு காத்துட்டிருக்கேன்.