சாப்ட்டியாய்யா

இரவு 2 மணி. ஹெட்போனில் பாட்டி நாற்பதாவது தடவையாகக் கேட்கிறார்: "சாப்ட்டியாய்யா?"

பின்னால் காத்தாடி இரைகிறது.

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய வீட்டில் எடுத்த குறும்படம். அதன் ஒலியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். அந்த வெக்கையில் எழுபது வயதைத் தாண்டியவரைக் காத்தாடி இல்லாமல் உட்கார வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

ஐஸ்பெட்டியின் ரீங்காரத்தை எடுப்பது சுலபம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. ரீங்காரமும் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில்தான் நிற்கும். அந்த இடங்களை மட்டும் மெல்லிசாகக் கத்தரித்தால் போதும்.

காத்தாடிக் காற்று அப்படியில்லை. குரல் இருக்கிற இடமெல்லாம் அதுவும் படர்ந்து கிடக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கொஞ்சம் கூட்டினாலும் பாட்டி தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறார்.

நல்லவேளை, யாரும் பேசாத வெறும் அறையை 30 விநாடி பதிந்து வைத்திருந்தோம். இதுதான் இரைச்சல் என்று அதை மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுத்து 6 டெசிபல் மட்டும் குறைத்தேன்.

அப்போதுதான் கேட்டது.

"சாப்ட்டியா"வுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற மூச்சு. முதல் தடவை சுத்தம் செய்தபோது இரைச்சலோடு அதையும் வழித்து எறிந்திருக்கிறேன்.

என் அம்மாச்சி தைப்பிங்கிலிருந்து போன் செய்யும்போதும் இப்படித்தான், முதலில் மூச்சு, அப்புறம்தான் பேச்சு. என்ன பேசினார் என்பது பாதி மறந்துவிட்டது. அந்த மூச்சு மறக்கவில்லை. அவர் குரல் ஒரு விநாடிகூடப் பதிவாக என்னிடம் இல்லை.

மிச்சக் காத்தாடிச் சத்தத்தை அப்படியே விட்டுவிட்டேன். அந்த வீட்டில் அது ஓடிக்கொண்டுதானே இருந்தது.