கல்யாணத்துக்கு முன்னாடி சுண்ணாம்பு

ஆவணியில தம்பி கல்யாணம். மண்டபமெல்லாம் வேண்டாம், காரைக்குடி வீட்டுலயேன்னு அப்பத்தா சொல்லிட்டாங்க. இப்போ வீடு முழுக்கச் சாரம்தான்.

முதல்ல வந்த பெயிண்டர், "பழைய பூச்சைக் கொத்திட்டு சிமெண்டு பூசி, பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சா பளிச்னு இருக்கும்"னார். வேண்டவே வேண்டாம்னுட்டேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேல சிமெண்டு ஏறினா ஈரம் போக வழியில்லாம உப்புப் பூத்து, பொரிஞ்சு உதிரும். எங்க வளவுலயே ரெண்டு வீட்டுல பார்த்தாச்சு.

தேடி அலைஞ்சு ஒரு பெரிய கொத்தனாரைப் பிடிச்சோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணியிலதான் சாந்து குழைக்கிறார். முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்குத்தானாம். சீக்கிரம் முடிங்கன்னா, "சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுத்தான் இறுகும் ஆச்சி, அதுக்கு முகூர்த்தம் தெரியுமா?"ங்கிறார். பதில் சொல்ல முடியலை.

இரண்டாம் கட்டுத் தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு சிலது உடைஞ்சிருக்கு. கண்ணாடி மேல கலர் ஊத்தி வார்த்து, சூளையில வைக்காம தண்ணியில ஊறப்போட்டு எடுக்கிற கல்லு. பூ ஒண்ணா அமைஞ்சாலும் நிறம் பழசோட சேரணுமே! தரையை ஆசிட் போட்டுக் கழுவறேன்னு வந்தவரை அப்பத்தா முகப்போடவே திருப்பி அனுப்பிட்டாங்க. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சாலே மின்னும்.

வயரிங் கதையை இன்னொரு நாள் புலம்பறேன்.

பர்மா தேக்கு நிலைக்கதவு ஒண்ணு தொங்கிப் போயிருக்கு. பழைய பித்தளைக் கீல் பார்க்கத் தெரிஞ்ச ஆசாரி யாராவது பக்கத்துல இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, அவசரம்.