முகத்தைப் பார்க்காமல் பால் கொடுத்தது

அமெரிக்காவின் ஒஹாயோவில் நாங்கள் ஃபாஸ்டர் பெற்றோராக, அதாவது பிறர் பிள்ளையைத் தற்காலிகமாக வளர்ப்பவர்களாகப் பதிவு செய்தபின் கைக்கு வந்த முதல் குழந்தை அவன். 17 நாள் பிள்ளை. அவன் அம்மா ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் போதை) பழக்கத்திலிருந்து மீள, மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சையில் இருந்தவர். வயிற்றுக்குள் கிடைத்துவந்த அந்த மருந்து நின்றதால், பிறந்த மூன்றாம் நாள் இவனுக்கு நடுக்கமும் கீச்சென்ற அழுகையும் தொடங்கியிருக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு அவுன்ஸ் (சுமார் 30 மில்லி) பால், ஒரு மணி நேரத் தூக்கம், 10 நிமிடத்துக்குள் அழுகை அடங்குவது. ஆஸ்பத்திரியில் முக்கியமாக இந்த மூன்றைத்தான் பார்ப்பார்களாம். தேறித்தான் வந்தான்.

எங்கள் வீட்டில் அரை அவுன்ஸ் இறங்கவே முக்கால் மணி நேரம் ஆனது. கையைச் சப்பிச் சப்பி விரல் மொளியெல்லாம் சிவந்திருக்கும். சரி, பசிதான் என்று பாட்டிலை வைத்தால் நாலு இழுப்பு வெறியோடு இழுப்பான். அப்புறம் மூச்சு முட்டும், உடம்பு வில்லாக வளையும், பால் கழுத்தில் வழியும். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. உள்ளே போனதையும் கக்குவான். பேதி வேறு; டயபர் பட்ட இடமெல்லாம் புண்.

நானோ கண்ணே மணியே என்று கொஞ்சிக்கொண்டே ஆட்டி ஆட்டிக் கொடுத்தேன். மதுரையிலிருந்து அம்மா வீடியோ காலில், "உள்ளங்காலச் சுண்டிவிட்டுக் குடுடி, தூங்க விடாத" என்பார். சுண்டினேன். இன்னும் கத்தினான்.

பால் குடிக்கப் பழக்குவதற்காக வீட்டுக்கு வந்த ஃபீடிங் தெரபிஸ்ட் பாட்டிலைத் தொடவே இல்லை. டிவியை அணைத்தார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். "பேசாதீங்க. அவன் கண்ணையும் பார்க்காதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெளிச்சம், சத்தம், முகம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் இவனால் தாங்க முடியாதாம்.

கைகளை மார்போடு சேர்த்துத் துணியில் சுற்றி, மடியில் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மெதுவாக வரும் நிப்பிள். நாலைந்து முறை சப்பியதும் பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும். அரை மணிக்கு மேல் மல்லுக்கட்டக் கூடாது. எடை ஏறாததால் அவுன்ஸுக்கு 24 கலோரி பாலுக்கு மாற்றினார் டாக்டர், வழக்கமானது 20. (நீங்களாகப் பவுடரைக் கூட்டிக் கலக்காதீர்கள்.)

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி, இரண்டு அவுன்ஸைத் தொடப்போகிறான். ஆசை தாங்காமல் குனிந்து பார்த்துவிட்டேன். சப்புவதை நிறுத்தினான், இரண்டு தும்மல் போட்டான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி சப்பும் சத்தம் கேட்டது.