கோடு பொருந்திவிட்டது, அப்புறம்?

சிங்கப்பூரில் சுரங்க ரயில் நிலையத்துக்குத் தோண்டும் சைட்டில் என் வேலை இதுதான்: சுவர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது, இன்னும் தோண்டினால் எவ்வளவு நகரும் என்று சொல்வது.

பள்ளத்தின் ஓரத்தில் மண்ணைத் தாங்க நிலத்துக்குள் கட்டும் கான்கிரீட் சுவர்தான் டயாஃபிரம் சுவர். அதற்குள், உள்பக்கம் நாலு வரிப்பள்ளம் ஓடும் குழாய் ஒன்று இருக்கும். சாய்வை அளக்கும், சக்கரம் வைத்த இன்கிளினோமீட்டர் கருவியை அதில் அடிவரை இறக்கி, கீழே உள்ள வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, அரை மீட்டருக்கு ஒரு ரீடிங்காக மேலே இழுப்போம். அப்புறம் 180 டிகிரி திருப்பி மறுபடியும் அதே வேலை. இரண்டு ரீடிங்கையும் கூட்டினால் ஆழம் முழுக்க ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் துள்ளினால் அங்கே சக்கரம் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். இந்தச் சாய்வுகளிலிருந்து, எந்த ஆழத்தில் சுவர் எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு கோடு வரைவோம். குழாயின் அடி அசையாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே போடுகிறோம். கடல் களிமண்ணில் அடியும் சேர்ந்து நகர்ந்தால் வரும் கோடு முழுக்கப் பொய். அதனால் மேல்முனையை சர்வே அளவோடு ஒப்பிடாமல் நான் எதையும் நம்புவதில்லை.

கணினி சொன்னதைவிடச் சுவர் அதிகம் நகர்ந்தால், கணக்கில் மண்ணின் விறைப்பை (எளிதில் நெளிந்துகொடுக்காத தன்மையை) குறைத்துக் குறைத்து, அளந்த கோடும் கணித்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை ஓட்டுவார்கள். இதுதான் பேக் அனாலிசிஸ். அந்த மண்ணை வைத்து அடுத்த கட்டத்தைக் கணிப்பார்கள். முறையில் தப்பில்லை. ஆனால் தோண்டல் ஆழமில்லாதவரை சுவரின் நகர்வைப் பெரும்பாலும் விறைப்புதான் தீர்மானிக்கிறது. மண்ணின் வலு, அதாவது சரியாமல் எவ்வளவு தாங்கும் என்பது, வெளியே தெரிவது ஆழம் போன பிறகுதான். வலுவைக் கூட்டிப் போட்டிருந்தாலும் தொடக்கக் கட்டங்களில் கோடு அழகாகப் பொருந்திவிடும்!

2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் சரிந்த பள்ளம் இதற்குச் சாட்சி. சர்க்கிள் லைன் ரயில் பாதைக்காகத் தோண்டியது, ஆழம் சுமார் 30 மீட்டர். சுவர்களுக்கு நடுவே முட்டுக்கொடுக்கும் இரும்புச் சட்டங்களான ஸ்ட்ரட்டை 9 அடுக்கு போட்டு 10-ஆவதற்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். சுவரின் நகர்வு கணித்ததைத் தாண்டியது முன்பே தெரிந்திருந்தது. இரண்டு முறை பேக் அனாலிசிஸ் செய்து, சுவர் இவ்வளவுதான் நகரலாம் என்று வைத்த வரம்பை உயர்த்தினார்கள். களிமண்ணின் வலுவை அதிகமாகக் காட்டும் கணக்குமுறையைப் பயன்படுத்தியதும், ஸ்ட்ரட், சுவரை ஒட்டி ஓடும் உத்தரமான வேலரோடு சேரும் இடம் பலமில்லாமல் இருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. வரம்பை உயர்த்துவது எனக்கு மருத்துவர் சொன்ன சர்க்கரை அளவை நாமே திருத்திக்கொள்வது மாதிரிதான் படுகிறது.

அளந்து பார்த்துத் திருத்தும் முறையைப் பற்றி 1969-இல், மண் பொறியியலில் புகழ்பெற்ற ராங்கின் சொற்பொழிவில் பொறியாளர் பெக் பேசியபோதே, அளவு மீறினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யச் சொல்லியிருக்கிறார். மீறிய பிறகு உட்கார்ந்து யோசித்தால் கணினியில் உள்ள எண்ணை மாற்றத்தான் கை போகும்.

இளம் பொறியாளர்கள் பொருந்திய கோட்டோடு வந்தால் நான் முதலில் கேட்பது ஸ்ட்ரட் சுமையை. நகர்வும் சுமையும் ஒரே மண்ணுக்குப் பொருந்த வேண்டும். அந்த ரீடிங்கை விடிகாலையிலேயே எடுக்கச் சொல்வேன். மதிய வெயிலில் இரும்பு விரிந்து ஏறும் சுமையையும் மண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.